நழுவிய சீட்போஸ்ட்டும் நசுங்கிய ஹேண்டில்பாரும்: ஒரு ரோடு பைக்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை திருவான்மியூர் பக்கம் வசிக்கும் ஒரு ரைடர். வயது 36, எடை 79 கிலோ. அலுமினிய ஃபிரேமும் கார்பன் ஃபோர்க்கும் உள்ள ரோடு பைக்கை ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறார். வார இறுதி விடியற்காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது வழக்கம். 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கி.மீ. பிரெவே (பந்தயமல்லாத நெடுந்தூர ஓட்டம்) ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

எண்பது கிலோமீட்டரைத் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது, சாலையின் அதிர்வெல்லாம் இடுப்புக்கு வருகிறது என்பது அவருடைய குறை. எடையும் குறையட்டும், அதிர்வும் குறையட்டும் என்று 42 செ.மீ. அகலக் கார்பன் ஹேண்டில்பார் ஒன்றும், 27.2 மி.மீ. விட்டமும் 350 மி.மீ. நீளமும் கொண்ட கார்பன் சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஒன்றும் வாங்கினார். இரண்டும் பெயர்பெற்ற தயாரிப்புகள், போலி அல்ல. இரண்டின் மேலும் போல்ட்டின் இறுக்கம் அதிகபட்சம் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தது.

பழைய அலுமினிய பார் 305 கிராம், கார்பன் பார் 215 கிராம். பழைய போஸ்ட் 290 கிராம், புதியது 205 கிராம். ஆகக் குறைந்தது 175 கிராம். பாட்டிலில் கால் லிட்டர் தண்ணீர் குறைவாக எடுத்துப்போனால் இதைவிட அதிகம் குறையும். எடைக்காக மட்டும் செய்யத்தக்க வேலை அல்ல இது என்று தொடக்கத்திலேயே அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

முதல் பொருத்தம்

வீட்டுக்கு அருகிலிருந்த சைக்கிள் கடையில் மாட்டினார்கள். மெக்கானிக் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், கை சுத்தம். ஆனால் அவர் கையாண்டதில் பெரும்பகுதி ஸ்டீலும் அலுமினியமும்தான். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கடையில் இல்லை. எல் வடிவ ஆலன் கீயைக் கொண்டு, கைக்கணக்கில் இறுக்கினார்.

போஸ்ட் இறங்கும் ஃபிரேம் குழாயான சீட் டியூபுக்குள் பழைய கிரீஸ் இருந்தது. அதைத் துடைக்கவில்லை, புதிய போஸ்ட்டின் மேலும் கொஞ்சம் கிரீஸ் தடவியே இறக்கினார். உலோகப் போஸ்ட் என்றால் இதுதான் சரியான வேலை. கிரீஸ் போடாத அலுமினியப் போஸ்ட் கடற்கரைக் காற்றில் இரண்டே மழைக்காலத்தில் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு, பிறகு எதைச் செய்தாலும் வராது. கார்பனுக்கு அந்தப் பழக்கமே எதிராகத் திரும்பியது.

ஹேண்டில்பாரை ஃபிரேமின் முன்பக்கத்தோடு பிடித்துவைக்கும் ஸ்டெம்மின் முகப்பில் நான்கு போல்ட்டுகள். மேலே இரண்டை முழுக்க இறுக்கிய பிறகே கீழே இரண்டைத் தொட்டார். பிரேக் லீவர்களைப் பழைய பாரில் இருந்த அதே இறுக்கத்தில் மாட்டி, பார் டேப் சுற்றினார். வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

அடுத்த மூன்று வாரங்கள்

முதல் ஓட்டம் 48 கி.மீ. திரும்பி வந்தபோது முழங்காலின் முன்பக்கம் வலித்தது. அளந்து பார்த்தார்: பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து (பாட்டம் பிராக்கெட்) சீட்டின் மேல்பரப்பு வரை 742 மி.மீ. இருந்தது 731 ஆகியிருந்தது. கடைக்குப் போனார், உயர்த்தி, இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள்.

அடுத்த வாரம் 7 மி.மீ. இறங்கியது. இந்த முறை அவரே வீட்டில் ஆலன் கீயின் முனையில் ஒரு குழாயைச் செருகி இறுக்கினார். அதே வாரம் உத்தண்டிக்கு அருகே வேகத்தடை ஒன்றில் ஏறியபோது ஹேண்டில்பார் முன்பக்கமாகச் சற்றே சுழன்றது. அதையும் இறுக்கினார்.

மூன்றாம் வாரம் போஸ்ட் இறங்கவில்லை. ஆனால் எழுந்து நின்று மிதித்துவிட்டு உட்காரும் ஒவ்வொரு முறையும் சீட்டுக்குக் கீழே ‘டிக்’ என்று ஒரு சத்தம். பெடலிலிருந்து வருகிறது என்று நினைத்துப் பெடல் அச்சுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்தார்; சத்தம் போகவில்லை. அந்தச் சத்தத்தை அவர் புறக்கணிக்காமல் வண்டியை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனதுதான் இந்த நிகழ்வில் அவரைக் காப்பாற்றிய முடிவு.

பிரித்தபோது கண்டவை

எதையும் கழற்றுவதற்கு முன் அளவுகளைக் குறித்து, படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு முள் காட்டும் வகை டார்க் ரெஞ்சால் ஒவ்வொரு போல்ட்டையும் அவிழ்த்தார்கள். ‘கிளிக்’ வகை ரெஞ்சை அவிழ்க்கப் பயன்படுத்தக் கூடாது; அதன் அளவு கெட்டுப்போகும். சீட் டியூபின் வாயைச் சுற்றி இறுக்கும் வளையமான சீட் காலரின் போல்ட் 9.5 நியூட்டன் மீட்டரில் அசைந்தது. அவிழ்க்கத் தேவைப்படும் விசை பெரும்பாலும் இறுக்கிய விசையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே இறுக்கியது 10-க்கு மேல், அதாவது போஸ்ட்டின் வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்டெம் முகப்பின் மேல் போல்ட்டுகள் 8, கீழ்ப் போல்ட்டுகள் 5 மற்றும் 6. வலது லீவர் 9, இடது லீவர் 6.

போஸ்ட்டை வெளியே எடுத்து வெள்ளைத் துணியால் துடைத்ததும் சத்தத்தின் காரணம் தெரிந்தது. பின்பக்கம், காலருக்கு நேர் கீழே, செங்குத்தாக 18 மி.மீ. நீளத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டியது. சீட் டியூபின் வாய் இறுகுவதற்காக ஃபிரேமின் பின்பக்கம் வெட்டியிருக்கும் பிளவின் வலது விளிம்பு எங்கே அழுத்தியதோ, சரியாக அங்கேயே அந்தக் கோடு ஓடியது. காலரின் பிளவும் ஃபிரேமின் பிளவும் ஒரே நேர்கோட்டில் வைக்கப்பட்டிருந்தன.

சீட் டியூபின் வாயை உட்புற அளவியால் அளந்தார்கள். பக்கவாட்டில் 27.25, முன்பின்னாக 27.40. வட்டமாக இல்லை, நீள்வட்டம். பல ஆண்டுகள் அலுமினியப் போஸ்ட்டை அதிகமாக இறுக்கியதில் வாய் இப்படி ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்டோ 27.15 மட்டுமே. பிளவின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் பிசிறு குத்தியது; தொழிற்சாலையில் வெட்டிய பிறகு யாரும் அரம் போடவில்லை. போஸ்ட்டின் அடிமுனையில் சுருள் கீறல்கள் வேறு. பாட்டில் கூண்டின் மரைக்குமிழ் சீட் டியூபுக்குள் நீட்டிக்கொண்டிருக்க, போஸ்ட்டைத் திருகித் திருகி இறக்கியதன் தடம் அது.

ஹேண்டில்பாரில் இரண்டு இடங்கள். ஸ்டெம் பிடித்த நடுப்பகுதியில் முகப்பின் இடைவெளி மேலே 1 மி.மீ., கீழே 3.5 மி.மீ.; விளிம்பு பதிந்த கோடு தெரிந்தாலும் அது மேல் வார்னிஷோடு நின்றுவிட்டது. வலது லீவர் பட்டைக்குக் கீழே நிலைமை வேறு. டேப்பை உரித்ததும் வார்னிஷ் வளையமாக வெடித்திருந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் தட்டிப் பார்த்தார்கள்: இடது பக்கம் கணீரென்று ஒலித்தது, வலது பக்கம் அதே இடத்தில் அடைத்த ஒலி. கட்டைவிரலால் அழுத்தியபோது மெல்லிய நெறிப்பு. நாணயச் சோதனை எல்லாச் சேதத்தையும் காட்டிவிடாது. ஆனால் அது காட்டியதை மறுக்க முடியாது.

காரணம்

ஒரு எம்5 போல்ட்டை (5 மி.மீ. தடிமன்) 5 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அது சுமார் 500 கிலோ விசையோடு பிடிக்கிறது. 10-ல் இறுக்கினால் ஒரு டன். மரையில் கிரீஸ் இருந்தால் அதே இறுக்கத்துக்கு இன்னும் கூடுதல். அலுமினியக் குழாய் இந்த அழுத்தத்தில் கொஞ்சம் நசுங்கி, விசையைச் சுற்றிலும் பரப்பிக்கொள்ளும். கார்பன் குழாயின் சுவர் இழைகளும் பிசினும் சேர்ந்த அடுக்குகள். நீளவாக்கில் இழுத்தாலும் வளைத்தாலும் அபார வலிமை, ஒரு கூரான விளிம்பு குறுக்கே அழுத்தினால் அந்த வலிமை உதவாது.

இங்கே போஸ்ட் நழுவியதற்கு இறுக்கம் போதாதது காரணமே அல்ல. கிரீஸ் உராய்வைக் குறைத்தது. நீள்வட்ட வாயும் மெலிந்த போஸ்ட்டும் சேர்ந்து, சுற்றளவு முழுவதும் பிடிக்க வேண்டியதை இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பிடிக்க வைத்தன. இறுக்க இறுக்க அந்த இரண்டு மூன்று இடங்களில்தான் விசை ஏறியது. அதில் ஒன்று பிசிறு நிறைந்த பிளவு விளிம்பு. நழுவுதல் நின்றது உண்மை. போஸ்ட் பிடிபட்டதால் நின்றதல்ல. விளிம்பு போஸ்ட்டுக்குள் இறங்கியதால் நின்றது.

லீவரின் கதையும் இதேதான். லீவர் தயாரிப்பாளரின் கையேடு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் என்கிறது. பாரின் மேல் 5 என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு எண்கள் மோதும்போது சிறியதுதான் வரம்பு. முதல் கடையில் இரண்டையுமே யாரும் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகள்

போஸ்ட்டைப் பற்றி விவாதமே இல்லை. விரிசல் விட்ட கார்பன் போஸ்ட் எச்சரிக்காமல் முறியும். முறிந்த குழாயின் மேல்தான் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அன்றே கழிக்கப்பட்டது.

ஹேண்டில்பார் விஷயத்தில் ரைடருக்குத் தயக்கம் இருந்தது. “நடுப்பகுதி நல்லா இருக்கே, லீவரைக் கொஞ்சம் தள்ளி மாட்டிக்க முடியாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் லீவரைத் தள்ளினாலும், நின்று மிதிக்கும்போதும் பலமாக பிரேக் பிடிக்கும்போதும் உடலின் எடை அந்த நசுங்கிய வளையத்தின் வழியாகவே போகும். உள்ளே எத்தனை அடுக்குகள் பிரிந்திருக்கின்றன என்று பட்டறையில் பார்க்க வழியில்லை. கழிப்பது என்று முடிவானது. இரண்டு பாகங்களையும் ரம்பத்தால் இரண்டாக அறுத்தே குப்பைக்கு அனுப்பினார்கள். பழைய பொருள் கடையிலிருந்து யாராவது எடுத்து மாட்டிவிடக் கூடாது.

அவர் பரணில் வைத்திருந்த பழைய அலுமினிய பாரைக் கொண்டுவந்தார். உலோகம்தானே, அப்படியே மாட்டலாம் என்பது அவர் எண்ணம். மிச்சமிருந்த டேப்பை உரித்தபோது லீவர் பட்டை இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. துடைத்தால் அடியில் ஊசி குத்தியது போலக் குழிகள். ஆறு ஆண்டு வியர்வையும் உப்புக்காற்றும் டேப்புக்கு அடியில் செய்த வேலை. அதுவும் கழிந்தது. உலோகமும் முறியும்: 2006 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பியின் ஸ்டீயரர் குழாய் (முன் ஃபோர்க்கின் மேல்குழாய்) முறிந்து அவர் கீழே விழுந்தார், அந்தக் குழாய் அலுமினியம், முன்னதாக ஒரு விழுதலில் அது அடி வாங்கியிருந்தது.

கடைசியில் பார் புதிய அலுமினியம், 265 கிராம். போஸ்ட் மீண்டும் கார்பன், 205 கிராம். பாருக்கு அலுமினியத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. இவர் பிரெவேக்களுக்காக வண்டியைப் பையில் கட்டி ரயிலில் கொண்டுபோகிறவர். பாரைக் கழற்றித் திருப்புவதும், அது எங்கேனும் இடிபடுவதும் தவிர்க்க முடியாதவை. இடிபட்ட கார்பனை ஒவ்வொரு முறையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதைவிட 50 கிராம் சுமப்பது மேல். போஸ்ட்டை ஒருமுறை சரியாக மாட்டினால் மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை. நீளமான மெல்லிய குழாய் என்பதால் அது சற்று வளைந்துகொடுத்து அதிர்வைத் தணிக்கவும் செய்யும்.

அதிர்வுக்கென்று தனியாக ஒரு முடிவு: 25 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. காற்று வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஃபிரேமில் இடம் இருந்ததால் 28 மி.மீ. டயர் மாட்டி, முன்னே 70, பின்னே 75 என்று குறைத்தார்கள்.

இரண்டாவது பொருத்தம்

பெரும்பகுதி நேரம் சீட் டியூபுக்கே போனது. பாட்டில் கூண்டின் போல்ட்டுகளைக் கழற்றி, கம்பில் துணி சுற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை உட்புறத்தைத் துடைத்தார்கள். ஐந்து துணி ஆயின. மண்ணெண்ணெய் உதவாது, பின்னால் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். பிளவின் விளிம்புகளையும் டியூபின் வாயையும் அரைவட்ட அரத்தால் லேசாகத் தேய்த்து, 400 எண் உப்புத்தாளால் வழுவழுப்பாக்கினார்கள். உள்ளே விழுந்த தூளுக்காக மறுபடி ஒரு துடைப்பு.

புதிய போஸ்ட்டை வாங்கும்போதே வெர்னியரால் அளந்து 27.22 இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ‘27.2’ முத்திரையோடு வரும் போஸ்ட்டுகளுக்குள்ளேயே இந்த நூறில் ஏழு பங்கு மி.மீ. வித்தியாசம் வரும், இந்த ஃபிரேமுக்கு அதுதான் தேவைப்பட்டது. காலரும் புதிது. அதன் பிளவை ஃபிரேமின் பிளவுக்கு நேர் எதிர்ப்புறம், அதாவது முன்பக்கம் வருமாறு வைத்தார்கள்.

டியூபுக்குள் போகும் பகுதியில், காலர் பிடிக்கும் 5 செ.மீ. அளவுக்குக் கார்பன் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவினார்கள். ஒரு பட்டாணி அளவு போதும். பேஸ்ட்டில் உள்ள நுண்மணிகள் உராய்வைக் கூட்டுவதால் குறைந்த இறுக்கத்திலேயே போஸ்ட் நிற்கும். போஸ்ட்டைத் திருகாமல் நேராக இறக்கினார்கள்; திருகினால் அந்த மணிகளே கீறும். உள்ளே 165 மி.மீ. போயிற்று; குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று போஸ்ட்டில் குறித்திருக்கும் கோட்டைத் தாண்டி வெகு ஆழம். போஸ்ட்டை அறுக்க வேண்டியிருக்கவில்லை.

இறுக்கியது படிப்படியாக. காலரில் 6 என்று அச்சிட்டிருந்தது, போஸ்ட்டில் 5. ஆகவே 5-ஐத் தாண்டுவதில்லை. முதலில் 4. போஸ்ட்டைச் சுற்றி காலரை ஒட்டினாற்போல் மின்கம்பி டேப் ஒட்டி, ரைடரைச் சீட்டில் பத்து முறை பலமாக உட்காரச் சொன்னார்கள். டேப்புக்கும் காலருக்கும் இடையிலான நிலை 2 மி.மீ. மாறியது. மீண்டும் உயர்த்தி 4.5; அசையவில்லை. அங்கேயே நிறுத்தினார்கள். 5 வரை அனுமதி இருக்கிறது என்பதற்காக 5-க்குப் போகவில்லை.

சீட்டின் தண்டவாளம் 7 மி.மீ. வட்டமான உலோகம் என்பதால் போஸ்ட்டோடு வந்த பிடியே பொருந்தியது. கார்பன் தண்டவாளமாக இருந்தால் 7×9 நீள்வட்டப் பிடி வேண்டும். இதைப் பார்க்காமல் மாட்டி நொறுக்கியவர்கள் உண்டு.

பாரில் ஸ்டெம் போல்ட்டுகளின் மரையில் துளி கிரீஸ். பார் பிடிக்கும் இடம் காய்ந்து சுத்தமாக. நான்கையும் விரலால் திருகி, மேலும் கீழும் இடைவெளி சமமாக வந்த பிறகு, குறுக்கு மறுக்காக 2, 4, 5 என்று மூன்று சுற்று. (சில ஸ்டெம்களில் மேல்பக்க இடைவெளியை முழுக்க மூடிவிட்டுக் கீழே இறுக்கச் சொல்லியிருப்பார்கள், முகப்பிலேயே எழுதியிருக்கும். இது அந்த வகை அல்ல.) லீவர்கள் 6-ல். இரண்டு கையாலும் பலமாகத் திருகினால் லீவர் சற்று நகரவேண்டும்: வண்டி விழும்போது லீவர் சுழன்றுகொடுத்தால் பாரும் லீவரும் பிழைக்கும்.

அதன் பின்

முதல் 50 கி.மீ.க்குப் பின் எல்லாப் போல்ட்டையும் சோதித்தார்கள். ஸ்டெம்மின் ஒரு போல்ட் மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது; மற்றவை நின்ற இடத்தில் நின்றன. பிரெவேக்கு முன் மொத்தம் 640 கி.மீ. ஓட்டினார். போஸ்ட்டின் டேப் குறி நகரவே இல்லை. சத்தமும் இல்லை. 200 கி.மீ.யை நேரத்துக்குள் முடித்தார். உள்ளங்கை மரப்பு 150 கி.மீ.க்கு மேல்தான் லேசாகத் தெரிந்தது என்றார்.

அந்த நிம்மதியில் போஸ்ட்டின் பங்கு எவ்வளவு, டயரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நாளில் மாறின. ஒரு நாள் பழைய டயரையும் பழைய காற்றழுத்தத்தையும் திரும்பப் போட்டு கோவளம் வரை போய்வந்தார். கை மரத்தது. போஸ்ட் அதேதான்.

நான்காம் மாதம் போஸ்ட்டை வெளியே எடுத்தார்கள். சீட் டியூபின் வாயில் மெல்லிய வெள்ளைப் படிவு தொடங்கியிருந்தது. கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பது அலுமினியம்தான். துடைத்து, புதிய பேஸ்ட் தடவி, அதே 4.5.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

முதலில் டயர். கை மரப்புக்காகக் கார்பன் வாங்குவதற்கு முன் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. அந்த வரிசையில் போயிருந்தால் பாரை அவர் வாங்கியிருக்கவே மாட்டார் என்று இப்போது அவரே சொல்கிறார்.

போஸ்ட்டை வாங்குவதற்கு முன் சீட் டியூபை அளந்திருக்க வேண்டும். ஆறு ஆண்டு ஓடிய ஃபிரேமில் இது கட்டாயம். முதல் முறை நழுவியபோதே போஸ்ட்டை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்திருந்தால் கிரீஸும் பிசிறும் அன்றைக்கே தெரிந்திருக்கும், போஸ்ட்டும் பிழைத்திருக்கும். முதல் கடை இப்போது 2 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கியிருக்கிறது. விலை அந்தக் கார்பன் போஸ்ட்டில் பாதிகூட இல்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது பட்டறையின் தரப்பிலும் ஒன்று உண்டு. டயரையும் போஸ்ட்டையும் ஒரே நாளில் மாற்றியிருக்கக் கூடாது. ஒரு வார இடைவெளி விட்டிருந்தால் எது எதைச் செய்தது என்று தெளிவாகத் தெரிந்திருக்கும்.

சீட் டியூபின் வாய் இன்னும் நீள்வட்டமாகத்தான் இருக்கிறது. அதைத் திரும்ப வட்டமாக்க வழி கிடையாது. உள்ளே கடைந்தால் இன்னும் பெரிதாகும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை போஸ்ட்டை எடுக்கும்போது அளந்து எழுதிவருகிறார்கள். சென்ற முறை முன்பின் அளவு 27.40, மாற்றமில்லை. அது ஏறத் தொடங்கினால் பிரச்சினை போஸ்ட்டோடு நிற்காது. ஃபிரேமை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று ரைடரிடம் சொல்லியிருக்கிறார்கள்.